கிட்னி கால்குலேட்டர் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

நீங்கள் கேட்டது இது: அம்மாவுக்கு 62 வயது, எடை 48 கிலோ, உயரம் 150 செ.மீ., பல வருடமாகச் சுகர். ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்றும் ஒரு கழிவு) 1.1. லேப் ரிப்போர்ட்டில் ஈஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) 50 என்று அச்சாகியிருக்கிறது. இணையத்தில் மூன்று கால்குலேட்டர்களில் போட்டுப் பார்த்தால் 57, 54, 40 என்று மூன்று விடை வருகிறது. எதை நம்புவது? கிட்னி பாதி போய்விட்டது என்று அர்த்தமா?

நான்கு எண்களுமே கணக்குப்படி சரி. காகிதத்தில் போட்டாலும் இதேதான் வரும். பெயர் தெரிந்த மருத்துவத் தளங்களில் பெருக்கல் வகுத்தல் தப்பாவது அபூர்வம். வேறுபாடு எங்கிருந்து வருகிறதென்றால், நான்கும் நான்கு வெவ்வேறு சமன்பாடுகள். 40 காட்டியது 1976-ல் வந்த காக்ராஃப்ட்-கால்ட். லேப் அச்சடித்த 50, 1999-ல் வந்த எம்டிஆர்டி. 54 என்பது 2009-ன் சிகேடி-எபி, 57 அதன் 2021 திருத்தம். எந்தச் சமன்பாடு என்று எழுதாமல் எண்ணை மட்டும் காட்டும் தளத்தை உடனே மூடிவிடுங்கள். அந்தப் பக்கத்திலேயே கிட்னியைச் சுத்தம் செய்யும் பொடி விற்றால் யோசிக்கவே வேண்டாம்.

இந்தச் சமன்பாடுகள் யாரை வைத்து உருவானவை என்று பார்த்தால் பாதி குழப்பம் தீரும். காக்ராஃப்ட்-கால்ட் கனடாவில் 249 பேரை வைத்துப் போடப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெண்களுக்கு 15 சதவீதம் குறைத்துக்கொள்ளச் சொல்வது, பெண்களுக்குத் தசை குறைவு என்ற அனுமானத்தில் சேர்த்தது. எம்டிஆர்டி 1,628 பேரை வைத்து வந்தது, எல்லோருமே ஏற்கெனவே கிட்னி நோயாளிகள். அதனால் ஓரளவு நல்ல கிட்னி உள்ளவர்களுக்கு அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். 60-க்கு மேல் போனால் அதை யாரும் பெரிதாக நம்புவதில்லை, பல லேப்கள் '60-க்கு மேல்' என்று மட்டும் அச்சடித்துவிட்டு நிறுத்திக்கொள்வதும் அதனால்தான். சிகேடி-எபி இந்தக் குறையைச் சரிசெய்ய வந்தது. ஆயிரக்கணக்கானோரின் தரவு, நோயாளிகளும் ஆரோக்கியமானவர்களும் கலந்து.

2009 வரை வந்த அமெரிக்கச் சமன்பாடுகளில் 'நீங்கள் கறுப்பினத்தவரா' என்று ஒரு கேள்வி இருந்தது. ஆம் என்றால் விடை 16 முதல் 21 சதவீதம் கூடும். அதனால் கறுப்பின நோயாளிகள் கிட்னி மாற்றுக்கான வரிசையில் தாமதமாகச் சேர்கிறார்கள் என்று எதிர்ப்பு வந்து, 2021-ல் அந்தக் கேள்வியை நீக்கிப் புதிய சமன்பாடு கொண்டுவந்தார்கள். அது நியாயமான மாற்றம்தான். ஆனால் அதன் பக்கவிளைவாகக் கறுப்பினத்தவர் அல்லாத எல்லோருக்கும் எண் சில புள்ளிகள் ஏறிவிட்டது. உங்கள் அம்மாவின் 54, 57 ஆனது அப்படித்தான். பிரிட்டனில் 2009 சமன்பாட்டையே, இனக் கேள்வியை மட்டும் எடுத்துவிட்டு, பயன்படுத்துகிறார்கள். நம்மவர்களுக்கு 2009-ஏ கொஞ்சம் தாராளமாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் இன்னும் மூன்று புள்ளி என்பது நமக்குத் தேவையில்லாத திசையில் போன திருத்தம் என்பது என் கருத்து.

ஏன் தாராளம் என்கிறேன்? கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை எவ்வளவோ அதற்கேற்ப தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் ரத்தத்தில் சேரும், கிட்னி அதை வடிகட்டி வெளியேற்றும். ரத்தத்தில் அது கூடினால் ஒன்று கிட்னி மெதுவாக வடிகட்டுகிறது, அல்லது தசை அதிகம் உற்பத்தி செய்கிறது. இரண்டில் எது என்று கிரியேட்டினின் எண்ணுக்குத் தெரியாது. சமன்பாட்டில் வயதும் பாலினமும் கேட்கிறார்களே, அது தசையை ஊகிப்பதற்குத்தான். வயதானால் தசை குறையும், பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவு, அவ்வளவுதான் அதன் அறிவு. 48 கிலோ பெண்ணும் 80 கிலோ பெண்ணும் சிகேடி-எபி கண்ணுக்கு ஒருவரே. அசைவமா, சைவமா, ஜிம்முக்குப் போகிறவரா, படுத்த படுக்கையா என்று அது கேட்பதே இல்லை. அமெரிக்கச் சராசரிப் பெண்ணின் தசை உங்கள் அம்மாவுக்கும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் தசை குறைவாக இருந்தால், கிட்னி ஓரளவு தளர்ந்திருந்தாலும் கிரியேட்டினின் 1.1-லேயே நிற்கும். கால்குலேட்டர் 'பரவாயில்லை' என்று சொல்லிவிடும்.

இது வெறும் ஊகம் இல்லை. சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையில் இன்யூலின் என்ற பொருளைச் செலுத்தி உண்மையான வடிகட்டும் வேகத்தை அளந்து ஒப்பிட்டபோது, கிரியேட்டினின் சமன்பாடுகள் இந்தியர்களுக்குக் கூடுதலாகக் காட்டின. பாகிஸ்தானில் இதே மாதிரி அளந்து 2014-ல் தங்களுக்கென்று ஒரு திருத்தமே வெளியிட்டார்கள். அம்மாவின் 54-ஐ அந்தத் திருத்தத்தில் போட்டால் 47 வருகிறது. ஜப்பானியர்கள் தங்களுக்கென்று தனிச் சமன்பாடு வைத்திருக்கிறார்கள், அதில் போட்டால் 40. எல்லோரும் ஏற்றுக்கொண்ட இந்தியச் சமன்பாடு என்று ஒன்று இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. அதனால் மெலிந்த உடல்வாகு கொண்ட நம்மூர்ப் பெண்ணுக்கு சிகேடி-எபி எண்ணைப் பார்க்கும்போது, உண்மை அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கலாம் என்று மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது பிழையின் அளவுக்கு வருவோம். இந்தச் சமன்பாடுகளைச் சோதிக்கும்போது பார்ப்பது, உண்மையாக அளந்த மதிப்பிலிருந்து 30 சதவீதத்துக்குள் விடை வருகிறதா என்பதை. 100 பேரில் 85 முதல் 90 பேருக்கு வந்தால் நல்ல சமன்பாடு என்கிறார்கள். அதாவது, 57 என்று காட்டினால் உண்மை 44-லிருந்து 81-க்குள் எங்கோ இருக்கலாம். மீதி 10, 15 பேருக்கு அந்த எல்லைக்கும் வெளியே. இதைத் தெரிந்துகொண்ட பிறகு சில தளங்கள் 57.3 என்று தசமப் புள்ளியோடு காட்டுவதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

லேப் பக்கத்துச் சறுக்கல் தனி. கிரியேட்டினினை அளக்க ஜாஃபே முறை, என்சைம் முறை என்று இரண்டு உண்டு. ஜாஃபே 1886-ல் கண்டுபிடித்தது. பிக்ரிக் அமிலத்தோடு கலந்தால் வரும் நிறத்தை வைத்து அளப்பது, செலவு குறைவு, இன்றும் புழக்கத்தில் உண்டு. சுகர் மிக அதிகமாக இருந்தாலோ கீட்டோன் இருந்தாலோ அது கூட்டிக் காட்டும், மஞ்சள்காமாலையில் குறைத்துக் காட்டும். என்சைம் முறையில் இந்தத் தொல்லை குறைவு. இந்த முறைகளை விடுங்கள், ஒரே லேபில் ஒரே ஆளுக்கு இரண்டு நாள் எடுத்தாலும் 0.1 மாறுவது சகஜம். அந்த 0.1 என்ன செய்கிறது பாருங்கள்: அம்மாவுக்கு 2021 சமன்பாட்டில் கிரியேட்டினின் 1.0 என்றால் 64, 1.1 என்றால் 57, 1.2 என்றால் 51. ஒரு நாள் 60-க்கு மேல், கிட்னி நோயின் 'இரண்டாம் நிலை'; மறுநாள் 60-க்குக் கீழ், 'மூன்றாம் நிலை'. கிட்னியில் ஒரு மாற்றமும் நடந்திருக்காது.

முந்தின இரவு மட்டன் நிறையச் சாப்பிட்டிருந்தால் கிரியேட்டினின் ஏறும், வெந்த இறைச்சியிலேயே அது இருக்கிறது. வெயிலில் அலைந்து, தண்ணீர் குடிக்காமல் போய் ரத்தம் கொடுத்தாலும் ஏறும். யூரின் இன்ஃபெக்‌ஷனுக்குத் தரும் மாத்திரைகளில் டிரைமெத்தோபிரிம் கலந்த வகை இருக்கிறது. அது கிட்னியைக் கெடுக்காமலேயே, கிரியேட்டினின் வெளியேறும் ஒரு வழியை மட்டும் அடைத்து எண்ணை ஏற்றிவிடும். ஜிம் பையன்கள் எடுக்கும் கிரியேட்டின் பொடியும் எண்ணை ஏற்றும். 28 வயதுப் பையனுக்கு கிரியேட்டினின் 1.4 என்றால் கால்குலேட்டர் 70 என்று காட்டும். வீட்டில் எல்லோரும் பயந்துவிடுவார்கள். பெரும்பாலும் அது தசையும் பொடியும் செய்யும் வேலை.

இதற்கு நேர் எதிர் விஷயம்தான் ஆபத்தானது. 80 வயதுப் பாட்டி, 38 கிலோ, பல மாதங்களாகப் படுக்கை. கிரியேட்டினின் 0.5. சிகேடி-எபி 95 காட்டும், இளைஞர் அளவுக்கு. அதே பாட்டிக்கு எடையைக் கணக்கில் எடுக்கும் காக்ராஃப்ட்-கால்ட் 54 காட்டும். 95-ஐ நம்பி முழு டோஸ் ஆன்டிபயாடிக் கொடுத்தால் மருந்து உடம்பில் தேங்கிவிடும். ஜிம் பையனுக்கு வருவது வீண் பயம், இரண்டு வாரத்தில் தெளிந்துவிடும். பாட்டிக்கு வருவது வீண் நிம்மதி, அதை யாரும் கவனிக்கவே மாட்டார்கள்.

மருந்து டோஸ் என்றதும் ஒரு முக்கியமான விஷயம். சிகேடி-எபி தரும் எண் உங்கள் உடம்பு அளவுக்கானது இல்லை. 1.73 சதுர மீட்டர் உடல் பரப்புள்ள ஒருவருக்கு எவ்வளவு என்று மாற்றிச் சொல்கிறது. அந்த 1.73, 1920-களின் அமெரிக்கர்களின் சராசரி அளவு. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட அது வசதி. உங்கள் அம்மாவின் பரப்பு ஏறக்குறைய 1.41. அப்படிப் பார்த்தால் 57 என்பது அவருடைய உடம்பில் நிமிடத்துக்கு 47 மில்லிலிட்டர்தான். காக்ராஃப்ட்-கால்ட் காட்டிய 40-க்கும் 57-க்கும் நடுவே அவ்வளவு இடைவெளி இருக்கிறதே, அதில் பாதிக்கு மேல் இந்த மாற்றத்திலேயே அடங்கிவிடும். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் டாபிகட்ரான், அபிக்ஸபான் போன்ற மருந்துகளின் ஆய்வுகள் எல்லாம் காக்ராஃப்ட்-கால்ட்டை வைத்தே நடந்தவை. அதனால் அந்த மருந்துகளுக்கு டாக்டர் 1976-ன் பழைய கணக்கைப் போட்டால் அவர் பின்தங்கியவர் என்று நினைக்காதீர்கள். மெட்ஃபார்மினுக்கு மட்டும் 2016 முதல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஈஜிஎஃப்ஆரையே பார்க்கச் சொல்கிறது: 30-க்குக் கீழ் கொடுக்கக் கூடாது, 30 முதல் 45 வரை புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று.

அப்புறம், நாம் டைப் செய்யும்போது வரும் பிழைகள். இந்தியாவில் கிரியேட்டினின் மில்லிகிராமில் வரும். சிங்கப்பூர் போன்ற சில நாடுகளின் ரிப்போர்ட்டுகளில் மைக்ரோமோலில் வரும். 1.1 மில்லிகிராமும் 97 மைக்ரோமோலும் ஒன்றுதான், 88.4-ஆல் பெருக்க வேண்டும். தளம் மைக்ரோமோலில் எதிர்பார்த்து நிற்க, நீங்கள் 1.1 என்று அடித்தால் அம்மாவுக்கு 258 என்று காட்டும். அப்படி ஒரு கிட்னி உலகத்திலேயே கிடையாது. நல்ல தளம் இந்த இடத்தில் நிறுத்தி எச்சரிக்கும், எல்லாத் தளமும் அப்படி இல்லை. இன்னொன்று, சில தளங்களில் திறந்தவுடனேயே 'ஆண்' தேர்வாகியிருக்கும். கவனிக்காமல் அப்படியே விட்டால் அம்மாவின் 57, 76 ஆகிவிடும். 258-ஐப் பார்த்தாலாவது சந்தேகம் வரும். 76-ஐப் பார்த்தால் சந்தோஷம்தான் வரும்.

சில நேரங்களில் எந்தக் கால்குலேட்டரும் உதவாது. கர்ப்பிணிகளுக்கு இந்தச் சமன்பாடுகள் பொருந்தாது. குழந்தைகளுக்கு உயரத்தை வைத்துப் போடும் ஷ்வார்ட்ஸ் சமன்பாடு தனியாக உண்டு, பெரியவர்களுடையதில் போடக் கூடாது. கால் எடுத்தவர்கள், கல்லீரல் சுருங்கியவர்களுக்கும் நம்பிக்கை குறைவு. எல்லாவற்றையும்விட முக்கியம், கிட்னி திடீரென்று பழுதாகும் நேரம். சமன்பாடு எல்லாமே கிரியேட்டினின் ஒரு நிலையில் நின்றுவிட்டது என்ற அடிப்படையில் போடப்பட்டவை. பாம்புக்கடியிலோ கடும் வயிற்றுப்போக்கிலோ 40 வயதுக்காரர் ஒருவருக்கு இன்று காலை கிட்னி முழுவதுமாக நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிரியேட்டினின் தேங்கித் தேங்கித்தான் ஏற வேண்டும், நாளைக்கு 2 ஆகியிருக்கும். கால்குலேட்டர் 42 என்று காட்டும். உண்மையில் அன்றைக்கு வடிகட்டல் பூஜ்யம். மூத்திரம் குறைந்துவிட்டது, கிரியேட்டினின் இரண்டு மூன்று நாளில் ஏறுகிறது என்றால் மொபைலை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. பிரஷருக்கு டெல்மிசார்ட்டன், சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின் போன்றவற்றைத் தொடங்கினால் முதல் சில வாரங்களில் ஈஜிஎஃப்ஆர் கொஞ்சம் இறங்கும். வடிகட்டிகளின் மேல் உள்ள அழுத்தத்தை அந்த மருந்து குறைப்பதால் வரும் இறக்கம் அது. நீண்ட நாளில் கிட்னியைக் காப்பாற்றுவதும் அதே செயல்தான். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால்கூடப் பொதுவாக மருந்தை நிறுத்தச் சொல்வதில்லை. ஆனால் வீட்டில் கால்குலேட்டரில் போட்டு, '57 இருந்தது 50 ஆகிவிட்டது, இந்த மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கிறது' என்று தாங்களாகவே நிறுத்திவிட்டு, பதிலுக்கு மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் கிட்னிக்கு ஆகாதது அந்த வலி மாத்திரைதான். அம்மா டெல்மிசார்ட்டன், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எதையாவது எடுத்தால், டாக்டரிடம் கேட்காமல் அதை நிறுத்தாதீர்கள்.

சரி, 'பாதி போய்விட்டதா' என்ற கேள்வி. ஈஜிஎஃப்ஆர் சதவீதம் இல்லை. 30, 40 வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்குவது இயல்பு, 62 வயதில் பெரும்பாலோருக்கு 110 இருக்காது. 60-க்குக் கீழே ஒரு தடவை வந்ததை வைத்து நாள்பட்ட கிட்னி நோய் என்று முத்திரை குத்தவும் முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தால்தான் அந்தப் பெயர். அதனால் மூன்று மாதம் கழித்து அதே லேபில், முந்தின நாள் இறைச்சி இல்லாமல், நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடுங்கள். விடையை அதே சமன்பாட்டில் போடுங்கள். போன தடவை எம்டிஆர்டி, இந்தத் தடவை 2021 என்று மாற்றிப் போட்டுவிட்டு 'ஏழு புள்ளி ஏறிவிட்டது' என்று மகிழ்வதில் அர்த்தமில்லை. கால்குலேட்டரின் உண்மையான பயன் இதில்தான் இருக்கிறது. அதே ஆளின் தசை மூன்று மாதத்தில் பெரிதாக மாறாது, ஆகவே அதனால் வரும் பிழையும் இரண்டு தடவையும் ஒரே பக்கம்தான் சாயும். தனி எண் தப்பாக இருந்தாலும் ஏற்ற இறக்கம் ஓரளவு சரியாகவே தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைக் கேட்க வேண்டும்: யூரின் ஏசிஆர் எடுத்தீர்களா? சிறுநீரில் அல்புமின் எவ்வளவு கசிகிறது என்பதை கிரியேட்டினினோடு ஒப்பிட்டுச் சொல்லும் டெஸ்ட். ஒரு தடவை சிறுநீர் கொடுத்தால் போதும், காலையில் முதலில் போவது நல்லது. 30-க்குக் கீழ் இயல்பு, 300-க்கு மேல் கடுமையான கசிவு. சுகர் உள்ளவர்களுக்கு ஈஜிஎஃப்ஆர் இறங்குவதற்குப் பல வருடம் முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும். ஈஜிஎஃப்ஆர் 57-ம் ஏசிஆர் 10-ம் உள்ள ஒருவரின் நிலையும், அதே 57-ல் ஏசிஆர் 600 உள்ளவரின் நிலையும் முற்றிலும் வேறு. இணையக் கால்குலேட்டர்களில் நான் மதிக்கும் ஒன்று, 'கிட்னி ஃபெயிலியர் ரிஸ்க் ஈக்வேஷன்', இந்த இரண்டு எண்களையும் வயது, பாலினத்தோடு சேர்த்து, இரண்டு ஆண்டிலும் ஐந்து ஆண்டிலும் டயாலிசிஸ் தேவைப்படும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்வது. 2011-ல் கனடாவில் உருவானது. வேறு பல நாடுகளின் தரவிலும் சோதித்து, வட அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களுக்குத் தனி அளவீடு வைத்திருக்கிறார்கள். ஈஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது.

இன்னும் சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. தசையைப் பெரிதாகச் சாராதது, அதனால் மெலிந்தவர்களுக்கும் ஜிம் பையன்களுக்கும் நல்ல துப்பு தரும். கிரியேட்டினினையும் அதையும் சேர்த்துப் போடும் 2021 சமன்பாடு தனித்தனியாகப் போடுவதைவிடத் துல்லியம். பெரிய லேப்களில் கிடைக்கும், விலை கிரியேட்டினினைவிடப் பல மடங்கு. தைராய்டு கோளாறோ, ஸ்டீராய்டு மாத்திரையோ, உடம்பில் எங்காவது அழற்சியோ இருந்தால் அதுவும் தடம் மாறும். அம்மாவுக்கு இப்போதே அது தேவை என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் ஏசிஆர் வரட்டும். 30-க்குள் இருந்து, மூன்று மாதம் கழித்தும் கிரியேட்டினின் 1.1-ஐ ஒட்டியே நின்றால், சுகர் டாக்டரிடமே வருடத்துக்கு ஒரு தடவை இரண்டையும் பார்த்துக்கொண்டால் போதும். ஏசிஆர் 300-ஐத் தாண்டினாலோ, ஈஜிஎஃப்ஆர் எந்தச் சமன்பாட்டில் போட்டாலும் 30-க்குக் கீழே இறங்கினாலோ, கிட்னி நிபுணரான நெஃப்ராலஜிஸ்ட்டிடம் அழைத்துப் போங்கள். போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசைப்படி எடுத்துக்கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்கப்போவது இரண்டு வருடத்துக்கு முன்னால் கிரியேட்டினின் எவ்வளவு இருந்தது என்பதைத்தான்.